மீனுக்கு நடத்தைச் சான்றிதழ் கேட்ட வார்டன்

இந்த ஜில்லாவில் மீனுக்கு நடத்தைச் சான்றிதழ் கேட்ட மனிதர் ஒருவர்தான். அவருக்கு முன்னால் யாரும் கேட்டதில்லை. இனிமேல் யாரும் கேட்கப் போவதும் இல்லை என்று நான் எழுதித் தரத் தயார். அவருடைய பெயர் எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லிக் காரைக்குடியில் விசாரித்தால் தபால்காரருக்குக்கூட ஆள் தெரியாது. "வார்டன்" என்று சொல்லுங்கள், டவுன் பஸ் கண்டக்டர் வண்டியை நிறுத்தி வீட்டைக் காட்டுவார்.

முப்பத்தொரு வருஷம் ஒரு பள்ளிக்கூட ஹாஸ்டலில் வார்டனாக இருந்தவர். ஓய்வு பெற்று ஒன்பது வருஷம் ஆகிறது. ஓய்வு பெற்ற செய்தியை அவருக்கு யாரும் சரியாகச் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன். சட்டைப் பையில் இன்றைக்கும் விசில் இருக்கும். இடுப்பில் ஏழு சாவி கொண்ட ஒரு கொத்து. ஏழில் ஒன்றுக்கும் பூட்டு கிடையாது.

"எந்தப் பூட்டுக்கு சார் இதெல்லாம்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"பூட்டெல்லாம் போயிருச்சு மேனேஜர். சத்தம் வேணும்ல? நான் வாரேன்னு நாலு பேருக்குத் தெரிஞ்சா நாலு தப்பு குறையும்."

பஸ்ஸில் ஏறினால் ஐந்தாவது நிமிடம் பயணிகளை இடம் மாற்றத் தொடங்கிவிடுவார். "ஐயா, நீங்க ஜன்னலுக்கு வந்துருங்க, உங்க முகமே சரியில்ல, வாந்தி எடுப்பீக. அம்மா, அந்த மூட்டைய இங்குட்டு வைங்க, அந்தாளு காலை நீட்டுற பேர்வழி, அஞ்சு நிமிசத்துல சண்டை வரும்." திட்டிக்கொண்டே எல்லோரும் மாறி உட்காருவார்கள். அவர் சொன்ன ஆள் சொன்ன இடத்தில் வாந்தி எடுப்பார். இதை நானே மூன்று முறை பார்த்து, தேதி போட்டுக் குறித்து வைத்திருக்கிறேன்.

நான் கானாடுகாத்தானில், ஒரு பழைய பெரிய வீட்டை ஹோட்டலாக மாற்றிய இடத்தில் மேனேஜர். வயது ஐம்பத்து மூன்று. இருபத்தெட்டு வருஷமாக ஒரு நாள் விடாமல் டைரி எழுதுகிறேன். ஆகையால் இனி வரும் நாள், மணிக் கணக்கெல்லாம் சரியாகவே இருக்கும்.

எங்கள் ஹோட்டலின் சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு கடல்நீர் மீன்தொட்டி இருக்கிறது. நீளம் எட்டடி; அகலமும் உயரமும் இரண்டரை அடி. ஆயிரத்து நானூறு லிட்டர் உப்புத் தண்ணீர். முதலாளியம்மாவை நாங்கள் எல்லோரும் ஆச்சி என்போம். ஆச்சி ஏதோ வெளிநாட்டு ஹோட்டலில் அப்படி ஒன்றைப் பார்த்துவிட்டு வந்து, தேக்குத் தூண்களுக்கு நடுவே இதை வைத்தார். பொருத்த வந்த ஆட்கள் உப்பு எவ்வளவு, சூடு எவ்வளவு, விளக்கு எத்தனை மணிக்கு என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அத்தனையையும் நான் ஒரு நிமிடம் பிசகாமல் செய்தேன். யாரை யாரோடு விடுவது என்பது மட்டும் அந்தத் தாளில் இல்லை.

முதலில் வாங்கியது ஒரே ஒரு மீன். பவுடர் ப்ளூ டாங் என்று கடையில் சொன்னார்கள். உள்ளங்கை அகலம். நீல உடம்பு, கறுப்பு முகம், முதுகு நெடுக ஒரு மஞ்சள் கரை. வாலடியில் இரண்டு பக்கமும் பேனாக்கத்தி மாதிரி ஒரு முள், வேண்டும்போது விரியும். பார்க்க அவ்வளவு லட்சணம். தனியாக இருக்கிறதே, சொந்தத்திலேயே ஒரு துணை பார்த்துவிடுவோம் என்று, அதே சாயலில் மஞ்சளாக ஒரு டாங்கை மதுரையிலிருந்து வரவழைத்தேன். மாலை நான்கு மணிக்குத் தொட்டியில் விட்டேன். மறுநாள் காலை ஆறு மணிக்கு டைரியில் "மஞ்சள் - 1" என்று எழுதியிருந்ததை அடித்தேன்.

மூன்று மாதத்தில் பதினொரு மீன்களை அப்படி அடித்தேன். கடைசியில் எட்டடித் தொட்டியில் அந்த நீலம் மட்டும் உலாத்திக்கொண்டிருந்தது. சமையல்கட்டில் அதற்கு "நீல ரவுடி" என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அந்த நிலைமையில்தான் ஒரு ஆசிரியருக்கு வழியனுப்பு விருந்து என்று பத்துப் பதினைந்து பேர் சாப்பிட வந்தார்கள். கூட்டத்தோடு வந்த ஒருவர் வாசலிலேயே நின்று ஆட்களை எண்ணினார். "ஒண்ணு குறையுது. பாத்ரூம்ல பாருங்க" என்றார். பார்த்தால் குறைந்த ஆள் அங்கேதான் இருந்தார். பிறகு எண்ணியவர் கூடத்துக்குள் வந்தார், தொட்டியைப் பார்த்தார், அப்படியே நின்றுவிட்டார். இலை போட்டாயிற்று. சாம்பார் வந்து, ரசம் வந்து, பாயசமும் வந்துவிட்டது. அவர் இலையில் அப்பளம் மட்டும் நமத்துக்கொண்டிருந்தது.

"மேனேஜர் யாரு?"

"நான்தான் சார்."

"இவன மொத ஆளாச் சேத்தது யாரு?"

"அதுவும் நான்தான்."

"நெனச்சேன். வம்புக்காரனுக்கு மொத நாளே அட்மிஷன் போட்டு, ஹாஸ்டல் பூராவையும் அவன் பேருக்கு எழுதிக் குடுத்துட்டீக. அப்புறம் வர்ற புதுப் பையங்கள அடிக்கிறான்னு அவனையே ரவுடிங்கிறீக."

"சார், இது மீன்."

"மீனுதான், யாரு இல்லன்னா? கடல்ல இவன் அடிச்சா அடிவாங்குனவன் ஓடிருவான். இங்க எங்குட்டு ஓடுவான்? எட்டடி. அதுக்கு மேல கண்ணாடி. என் ஹாஸ்டல்லயும் அதான், நாலு செவுரு. ஓட எடமில்லாத ஊர்ல யாரை யாரோட போடுறதுங்கிறதுதான் வேலையே."

பிறகுதான் தெரிந்தது. ஹாஸ்டல் படிப்பறையில் பதினான்கு வருஷம் மீன் வளர்த்தவர் அவர். ஓய்வுக்குப் பிறகு வீட்டில் நான்கடியில் ஒரு கடல்நீர்த் தொட்டியும் வைத்திருந்தார். படிப்பில் சோம்பேறிகளான பையன்களை மீன் பார்க்க விடுவாராம். மீனில் சோம்பேறிகளை அவர் சேர்ப்பதே இல்லை.

மறுநாள் காலை ஏழு பத்துக்கு, யாரும் கூப்பிடாமல், காரைக்குடி பஸ்ஸில் வந்து இறங்கினார். தொட்டி முன்னால் நின்று விசில் அடித்து, ஒரு துண்டு கடற்பாசியைக் கிளிப்பில் மாட்டித் தண்ணீருக்குள் விட்டார். சமையல் மாஸ்டர் கரண்டியோடு ஓடிவந்தார்.

"மீனுக்குக் காது கேக்குமா சார்?"

"அவனுக்குக் கேக்குதோ என்னமோ. நீங்க ஓடி வந்தீகள்ல."

பத்தே நாளில் ரவுடிக்கும் கேட்டது. விசில் ஊதினால் கண்ணாடிக்கு வந்து நிற்கும். "இனிமே யாரும் ரவுடின்னு கூப்பிடக் கூடாது" என்று வார்டன் உத்தரவு போட்டார். "கூப்பிடக் கூப்பிட அப்படித்தான் ஆவான். இவன் லீடர். ஹாஸ்டல் லீடர்."

பதினோராம் நாள் ஆச்சி சென்னையிலிருந்து வந்தார். அவர் கணவர் செட்டியாருக்கு அறுபதாம் கல்யாணம், இதே கூடத்தில், சரியாக நாற்பது நாளில். ஆச்சி தொட்டியைப் பார்த்தார். ஒரு மீன். என்னைப் பார்த்தார். நான் டைரியைப் பார்த்தேன்.

"ஏன் மேனேஜரு, முந்நூறு பேரு வரப்போறாக. இம்புட்டுப் பெரிய தொட்டியில இந்த ஒத்தைக் கொலைகாரன வச்சுக்கிட்டு அறுபதாம் கல்யாணம் நடத்தச் சொல்றீகளா? அபசகுனமா இருக்கு. அன்னைக்கு அஞ்சு மீனாச்சும் ஒத்துமையா நீந்தணும். இல்லையா, இதைக் குடுத்துருங்க. எங்க சொந்தத்துல ஒருத்தக வீட்டுல ரெண்டடித் தொட்டி இருக்கு, கேக்குறாக."

வார்டன் மெதுவாக முன்னால் வந்தார். சாவிக்கொத்தைக் கையால் பிடித்துக்கொண்டு, சத்தம் வராமல் வந்தார். அவர் அப்படி நடந்து நான் பார்த்தது அன்றுதான்.

"ஆச்சி, ரெண்டடியில இவன் ஒரு வாரம் தாங்க மாட்டான்."

"அதுக்கு நான் என்ன பண்றது? அடங்காதவன அனுப்பத்தானே வேணும். உங்க பள்ளிக்கூடத்துல என்ன செய்வீக? டி.சி. குடுக்க மாட்டீகளா?"

"குடுத்ததில்ல ஆச்சி. முப்பத்தொரு வருசத்துல ஒருத்தனுக்கும் நான் டி.சி. எழுதச் சொன்னதில்ல. கெணத்துக்குள்ள சைக்கிளத் தள்ளுனவன் இருந்தான். நான் மத்தியானம் அசந்து தூங்குறப்ப என் மீசையில பாதிய வெட்டுனவன் இருந்தான்."

ஆச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அவன் இப்ப எங்க இருக்கான்?"

"கண் டாக்டரு. போன வருசம் எனக்குப் புரை எடுத்தது அவன்தான். கத்தியோட பக்கத்துல வந்தப்ப மட்டும் மீசையப் பொத்திக்கிட்டேன்."

ஆச்சி சிரித்தார். ஆனால் நாற்பது நாள் நாற்பது நாளாகவே நின்றது.

அன்று மாலை வார்டன் எனக்கு ஒரு நோட்டில் சட்டங்களை எழுதச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். ஒரே சாயல் உள்ளவர்களை ஒரு அறையில் போடக் கூடாது. தன்னைப் போலவே இருப்பவனைத்தான் எவனும் முதலில் அடிப்பான். (இந்த இடத்தில் மஞ்சள் டாங்கை நினைத்துக்கொண்டேன்.) வாய்க்குள் போகிற அளவில் இருப்பவனைப் பெரிய வாய்க்காரனோடு விடக் கூடாது, அதன் பெயர் சண்டையில்லை, சாப்பாடு. மேல் தண்ணீரில் ஒருவன், நடுவில் ஒருவன், மணல் தரையில் ஒருவன் என்று மாடி மாடியாகப் பார்த்து எடுக்க வேண்டும்.

"பயந்தவன மொதல்ல விடணும், வம்பன கடைசியா விடணும். நீங்க தலைகீழா ஆரம்பிச்சுட்டீக. அதனால இப்ப புதுசா வர்ற நாலு பேரையும் ஒண்ணா விடணும். ஒருத்தனா விட்டா அடி பூராவும் அவனுக்கு. நாலு பேருன்னா அடி பங்கு பிரியும்."

அந்த நாற்பதில் ஆறாம் நாள் மதுரைக்குப் போனோம். கடைக்குள் நுழைந்தது பதினோரு மணிக்கு. வெளியே வந்தது மூன்று நாற்பதுக்கு. கடைக்காரர் நல்ல மனிதர், வந்ததுமே மோர் கொடுத்தார். ஒரு மணி நேரத்தில் அதற்காக வருத்தப்பட்டிருப்பார்.

முதலில் சிங்க மீனைக் காட்டினார். சிறகெல்லாம் விரித்து, கோயில் தேர் மாதிரி அசைந்து வந்தது. நான் வாயைப் பிளந்தேன்.

"இவன் வேணாம்" என்றார் வார்டன். "வாயப் பாருங்க. ரெண்டு நாள்ல ஹாஸ்டலே காலி."

அடுத்து பட்டுப்புடவைக் கரை மாதிரி பச்சையும் ஆரஞ்சுமாக ஒரு சிறிய மீன். "இது என்ன சாப்பிடும்?"

"கண்ணுக்குத் தெரியாத பூச்சி மட்டும்தான் சார் சாப்பிடும்."

"பத்தியச் சாப்பாடு. லீடரோட பந்தியில இவன் பட்டினியாக் கிடப்பான். வேணாம்."

மூன்றாவதாகக் காட்டியதை "எல்லாம் சாப்பிடும் சார்" என்றார் கடைக்காரர்.

"எல்லாம் சாப்பிடுவான்னு அப்பன் சொல்ற பையன் மெஸ்ல ஒண்ணும் சாப்பிட மாட்டான். போட்டுக் காட்டுங்க."

போட்டுக் காட்டினார். வார்டன் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு வாயையும் பார்த்தார். இரை விழும்போது யார் முந்துகிறான், யார் ஒதுங்குகிறான், அடுத்தவன் வாயில் இருந்து யார் பிடுங்குகிறான் என்று எனக்குச் சொல்ல, நான் எழுதினேன். கடைசியில் மணலோடு ஒட்டிக் கிடக்கும் ஒரு கோபி, தங்களுக்குள் ஒருநாளும் பிரியாத க்ளவுன் மீன் ஜோடி ஒன்று, ஆக மூன்று மீன்கள் தேறின. நாலாவதுக்குத்தான் இரண்டு மணி நேரம் ஆயிற்று. கடைக்காரர் ஆங்கிலத்தில் ஒரு பெயர் சொன்னார். மஞ்சள் உடம்பு, நீண்ட மூக்கு.

"இது நம்ம ஓரா மீனுல்ல?" என்றார் வார்டன். "தொண்டியில வலையில மாட்டுமே, முதுகு முள்ளு குத்துனா மூணு நாளைக்குக் கடுக்கும். அது சாம்பல், இது மஞ்சச் சட்டை போட்டிருக்கு. அம்புட்டுத்தான்." அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு பெரிய மீன் அதை இடிக்க வந்தது. ஓரா ஓடவில்லை. மெதுவாகத் திரும்பி, முதுகைக் காட்டி, முள்ளை நிமிர்த்திவிட்டு அப்படியே நின்றது. இடிக்க வந்தது போய்விட்டது. ஓரா விட்ட இடத்திலிருந்து மேய்ந்தது.

வார்டன் எழுந்து நின்றுவிட்டார். "மேனேஜர், இந்த மாதிரிப் பையன் ஒருத்தன் போதும், ஹாஸ்டலே அடங்கிரும். திருப்பி அடிக்கவும் மாட்டான், அழவும் மாட்டான்." கடைக்காரரிடம் திரும்பினார். "இவன் நடத்தை எப்படி?"

"சார், நடத்தைக்கு நான் என்ன சர்டிபிகேட்டா எழுதித் தர முடியும்?"

வார்டன் பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினார். கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் நோட்டில் ஒரு தாளைக் கிழித்து நீட்டினேன். "இந்த மீன் என் கடையில் பதினெட்டு நாள் இருந்தது. இதுவரை எந்தப் புகாரும் இல்லை" என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதி எழுதி, கடை முத்திரையும் குத்திக் கொடுத்தார். என் டைரியில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

புதியவர்களை நேராக விடக் கூடாது, மூன்று வாரம் தனியாக வைத்து நோய்நொடி பார்க்க வேண்டும் என்பது இன்னொரு சட்டம். ஹோட்டலின் பழைய சாமான் அறையில் ஒரு மூன்றடித் தொட்டி வைத்தோம். கதவில் வார்டன் "நோயாளிகள் அறை. அமைதி" என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி ஒட்டினார். அந்த வாரம் தங்கியிருந்த ஒரு வெளிநாட்டுத் தம்பதி நான்கு நாள் அந்தக் கதவைத் தாண்டும்போதெல்லாம் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போனார்கள். போகும் நாளன்று ஒரு கூடை ஆப்பிளை வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். நோயாளிகளின் சார்பில் வார்டன் சாப்பிட்டார்.

முப்பத்திரண்டாம் நாள், தொட்டிக்குள் கட்டில் மாற்றும் நாள். வார்டனின் சட்டங்களிலேயே பெரிய சட்டம் அதுதான். "ஹாஸ்டலுக்குப் புதுப் பையன் வர்றதுக்கு முந்தி, இருக்கிற எல்லாக் கட்டிலையும் எடம் மாத்திப் போட்டுருவேன். ஜன்னல் பக்கம் படுத்தவன் கதவுப் பக்கம். மூலையில இருந்தவன் நடுவுல. அப்ப புதுப் பையன் வந்து நிக்கிறப்ப எல்லாருமே புதுசா இருப்பான். இது என் எடம்னு சொல்ல ஒருத்தனுக்கும் எடம் இருக்காது."

தொட்டிக்குள் இருந்த பாறைகளை மாற்ற, தோள் வரை கையை விட்டார். லீடர் தன் குகை பெயர்வதைப் பார்த்தது. வாலை ஒரு வீசு. வார்டன் கையை எடுத்தபோது உள்ளங்கையில் ஒரு நேர்க்கோடு, சிவப்பாக. மூன்று தையல் போட வேண்டியிருந்தது. எப்படி வெட்டியது என்று ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்டதற்கு, "ஒரு பையன் பேனாக்கத்தி வச்சிருந்தான்மா" என்றார்.

"போலீஸ்ல சொன்னீகளா?"

"சேச்சே. அவன் கட்டில நான்தான எடுத்தேன்."

ஆச்சியிடம் சொல்லிவிடாதீர்கள் என்று பஸ்ஸில் மூன்று முறை என்னிடம் கேட்டுக்கொண்டார். வலியைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் பகல் பதினொன்றுக்குத் தொட்டி விளக்கை அணைத்து நால்வரையும் விட்டோம். கோபி மணலுக்குள் போயிற்று. க்ளவுன் ஜோடி மூலையில் ஒட்டிக்கொண்டது. பாறையெல்லாம் மாறிப்போய்ச் சுற்றிக்கொண்டிருந்த லீடர், பத்தாவது நிமிடம் ஓராவைப் பார்த்துவிட்டது. விரட்டு என்றால் விரட்டு, எட்டடியும் இரண்டு தடவை.

"கண்ணாடி!" என்றார் வார்டன். "பெரிய கண்ணாடி ஒண்ணு வேணும், உடனே!"

கூடத்துச் சுவரில் ஆச்சியின் அம்மா சீதனமாகக் கொண்டுவந்த பெல்ஜியம் கண்ணாடி தொங்கியது. தேக்குச் சட்டம், அகலம் இரண்டடி, உயரம் மூன்றரை. இருபத்தெட்டு வருஷ டைரியில், அனுமதி இல்லாமல் நான் செய்த ஒரே காரியம் இதுதான். நானும் மாஸ்டரும் கழற்றிக் கொண்டுவந்து தொட்டியின் பக்கவாட்டில் ஸ்டூல் போட்டுச் சாய்த்தோம்.

லீடர் திரும்பியது. கண்ணாடிக்குள் தன்னைப் போலவே ஒருவன்! அதே நீலம், அதே கறுப்பு முகம், அதே திமிர். ஓராவை அப்படியே விட்டுவிட்டு அங்கே பாய்ந்தது. வாலை வீசியது. அவனும் வீசினான். முறைத்தது. அவனும் முறைத்தான். முதல் நாள் முழுக்க அப்படி. இரண்டாம் நாளும். இந்தப் பக்கம் புதியவர்கள் மெல்ல வெளியே வந்து பாறைகளைப் பார்த்து, ஆளுக்கொரு மூலை பிடித்தார்கள். மாஸ்டர் குன்றக்குடி முருகனுக்கு வேண்டிக்கொண்டார். வார்டன் அந்தோணியாரிடம் சொல்லியிருந்தார். இரண்டு பக்கமும் பலமாக இருந்தது.

ஐந்தாம் நாள் காலை ஆச்சி வந்து இறங்கினார். நேராகச் சுவரைப் பார்த்தார். கண்ணாடி இருந்த இடம் வெள்ளைக் கட்டமாக இளித்தது.

"எங்க அம்மா கண்ணாடி எங்க?"

மாஸ்டர் கரண்டியால் தொட்டியைக் காட்டினார். ஆச்சி தொட்டிப் பக்கம் வந்தார். சீதனக் கண்ணாடியில் மூக்கை இடித்துக்கொண்டிருந்த லீடரைப் பார்த்தார்.

"இது யாரோட சண்டை போடுது?"

"அவன்கூடவேதான் ஆச்சி" என்றார் வார்டன். "அஞ்சு நாளாத் தோத்துக்கிட்டு இருக்கான். இன்னும் ரெண்டு நாள் விட்டீகன்னா வெறுத்துருவான்."

"நாளைக்குச் சொந்தக்காரவுக வர ஆரம்பிச்சுருவாக. செவுத்துல கண்ணாடி இல்லாம எங்க வீட்டுல ஒரு விசேசமும் நடந்ததில்ல. எடுத்து மாட்டுங்க. இது அடங்குனா இருக்கட்டும். இல்லையா, இன்னைக்கு சாயங்காலமே அந்த ரெண்டடித் தொட்டிக்கு அனுப்பிருங்க."

கண்ணாடியை எடுத்தோம். மணி ஒன்பது பத்து. லீடர் அதே இடத்தில் நின்றது. எதிரியைக் காணோம். கண்ணாடி இருந்த இடத்துக்கு வந்து பார்க்கும், விலகிப் போகும், மறுபடி வந்து பார்க்கும். முக்கால் மணி நேரம் அப்படித் தேடியது. பிறகு திரும்பியது. நேர் எதிரே ஓரா.

வார்டனின் தையல் போட்ட கை விசிலை இறுக்கிப் பிடித்திருந்தது. ஊதவில்லை.

லீடர் பாய்ந்தது. ஓரா மெதுவாகத் திரும்பி, முதுகைக் காட்டி, முள்ளை நிமிர்த்தியது. லீடர் ஒரு விரல் தூரத்தில் நின்றது. சுற்றிவந்து மறுபடி பாய்ந்தது. மறுபடி முதுகு. மூன்றாவது முறை பாதி வழியிலேயே, ஏதோ ஞாபகம் வந்தவர் போலத் திரும்பிப் பாறைப் பக்கம் போய்விட்டது. பதினொரு மணிக்கு ஒரே பாறையின் இரண்டு முனையில் இரண்டும் பாசி மேய்ந்தன. மாலை ஐந்து மணிக்கு இடைவெளி இரண்டடி. அளந்தேன்.

ஆச்சி அதுவரை நாற்காலியைப் போட்டு அங்கேதான் உட்கார்ந்திருந்தார். எழுந்து போகும்போது வார்டன் கையைப் பார்த்தார். கட்டைப் பார்த்தார்.

"இது அந்த மீனோட வேலைதானே?"

"பாறை கிழிச்சது ஆச்சி."

"ம். பாறைக்கு டி.சி. குடுக்க முடியாது, என்ன?" என்றுவிட்டு உள்ளே போனார்.

விசேஷத்தன்று ஆச்சி வந்தவர்களையெல்லாம் தொட்டி முன்னால் நிறுத்தி, "எங்க வீட்டு மீனு எல்லாம் அம்புட்டு ஒத்துமை" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதைச் செட்டியாரின் இரண்டு பங்காளிகள் தொட்டியின் இரண்டு முனையில் நின்று கேட்டார்கள். அவர்களுக்குள் ஆறு வருஷமாகப் பேச்சு இல்லை. பந்தி நேரத்தில் ஆச்சி வார்டனைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மீனுக்குப் பாத்தீகள்ல, இதையும் பாருங்க. இந்த ரெண்டு பேரையும் ஒரே பந்தியில எப்படி உக்கார வைக்கிறது?"

வார்டன் இருவரையும் ஐந்து நிமிடம் பார்த்தார். பிறகு பந்தியில் நாற்காலிகளையெல்லாம் இடம் மாற்றினார். இரண்டு பங்காளிகளையும் உட்கார வைத்தார். நடுவில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. என் தோளைப் பிடித்து அதில் உட்கார வைத்தார்.

"சார், நான் மேனேஜர். பந்தியைப் பார்க்க வேண்டாமா?"

"உக்காருங்க. நீங்கதான் ஓரா."

முதலில் கோபம் வந்தது. ரசம் வருவதற்குள் வலப்பக்கத்துப் பங்காளி என்னிடம் ஊறுகாய் கேட்டார். அது இடப்பக்கம் இருந்தது. இடப்பக்கத்தவர் எடுத்து என்னிடம் கொடுத்தார். பாயசத்துக்கு நான் தேவைப்படவில்லை. என் முதுகுக்கு மேலேயே பேசிக்கொண்டார்கள்.

இதெல்லாம் போன வருஷம். வார்டன் காரைக்குடியில் தனியாகத்தான் இருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. புதுவயலில் ரைஸ் மில்லுக்குப் பின்னால் தங்கை லூர்து அக்காவின் வீடு. மகள், மருமகன் எல்லோரும் அங்கேதான். தங்கை எத்தனையோ முறை கூப்பிட்டும் அவர் போகவில்லை. "நானெல்லாம் கடைசியா விட வேண்டிய மீன் மேனேஜர். என்னோட யாரு ஒத்துப்போவா?" என்று சிரிப்பார்.

போன மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்தார். எலும்புக்கு ஒன்றும் இல்லை. ஆனால் இனித் தனியாக இருக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவருடைய நான்கடித் தொட்டி மீன்களை எங்கள் தொட்டிக்கு ஒப்படைக்க வந்தார். அதற்கும் பொருத்தம் பார்த்துத்தான்.

"வெள்ளிக்கிழமை புதுவயலுக்குப் போறேன். ஒரு மாசம் பாப்பேன். ஒத்து வரலைன்னா எனக்கு நானே டி.சி. எழுதிக்குவேன்" என்றார். சாவிக்கொத்து சத்தம் போடவில்லை.

வியாழக்கிழமை நான் லீவு போட்டேன். பஸ் பிடித்துப் புதுவயலுக்குப் போனேன். லூர்து அக்காவிடம் விஷயத்தைச் சொல்லி, அவரும் மருமகனும் நானுமாக வேலையில் இறங்கினோம். கட்டில் நான்கு, பீரோ ஒன்று, டி.வி. ஒன்று, சாப்பாட்டு மேசை ஒன்று. எல்லாம் இடம் மாறின.

"என்னங்க சார், வீட்டையே தலைகீழாக்குறீக? என் வீட்டுல எனக்கே வழி தெரியல" என்றார் அக்கா.

"நாளைக்கு அவர் வரும்போது எல்லோரும் புது ஆளாக இருக்கணும் அக்கா."

கிளம்பும் முன், வார்டன் உட்காரப் போகும் நாற்காலிக்கு எதிரே, கையோடு கொண்டுபோயிருந்த ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை ஆணி அடித்து மாட்டினேன். எதற்கு என்று அக்கா கேட்கவில்லை. அண்ணனை அவருக்குத் தெரியாதா?

மூன்று வாரம் கழித்து நேற்று அக்காவுக்குப் போன் செய்தேன். "நல்லா இருக்காக சார். காலையில ஏழு பத்துக்கு விசில் அடிக்கிறாக. என் மருமகன் லாரி ஓட்டுற மனுசன், பல்லு விளக்கிட்டு வரிசையில நிக்கிறாரு. மொத ரெண்டு நாளு அந்தக் கண்ணாடிய மொறைச்சு மொறைச்சுப் பாத்தாக. இப்ப அதுல மீசைய மட்டும் ஒதுக்கிக்கிறாக."

இங்கே ஹோட்டலில் ஏழு பத்துக்கு விசில் இல்லை. கடற்பாசியை நான்தான் மாட்டுகிறேன். லீடர் வருவதற்குச் சற்று நேரம் ஆகிறது. அதனால் இன்று காலை, கடைவீதியில் வாங்கிய ஒரு விசிலை எடுத்து, மணி பார்த்து ஊதினேன். லீடர் உடனே வந்தான். பாசியைத் தொடவில்லை. என்னைத் தாண்டி வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். நானும் திரும்பிப் பார்த்தேன்.